ஐந்தாண்டு வேலை, சில மாதப் பயிற்சி: அமெரிக்கப் போர்க்கால ஆலைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. ஆனால் இறங்க நேரும் என்பது வாஷிங்டனில் பலருக்கும் உறைத்துவிட்டது. விமானம், பீரங்கி, கப்பல் என்று ஆலைகளுக்கு ஆணைகள் குவியத் தொடங்கின. அந்த ஆண்டு அமெரிக்காவில் உழைக்கத் தயாராக இருந்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். அதே மாதங்களில்தான் ஆலை முதலாளிகள் ஆள் கிடைக்கவில்லை என்று அரசிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆலைகள் அப்ரண்டிஸ், அதாவது வேலை பழகும் இளையவர்களை, எடுப்பதையே பெரும்பாலும் மறந்துபோயிருந்தன. தொழில் தெரிந்தவர்களுக்கு வயதாகியிருந்தது. அவர்களுக்கு அடுத்த வரிசை உருவாகவே இல்லை.

இந்த இரண்டு முனைகளையும் எப்படி இணைத்தார்கள், அதில் எது பலித்தது, எது பொய்த்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். கடையிலோ வயலிலோ அலுவலகத்திலோ இருந்த ஒருவர் உற்பத்தித் தொழிலுக்குள் வர எவ்வளவு காலம் வேண்டும் என்ற கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. தொழிற்பயிற்சியில் சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். போர்க்கால ஆவணங்களைப் படித்து நான் எட்டிய முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தின் நீளம் கற்பவரின் அறிவையோ கைவாகையோ பொறுத்தது என்பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி, வேலையை ஆலை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது, யார் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

நான்கு பேர், ஒரு அலுவலகம்

1940 ஆகஸ்டில், தேசியப் பாதுகாப்பு ஆலோசனை ஆணையத்தின் கீழ் 'டிரெய்னிங் விதின் இன்டஸ்ட்ரி' என்ற சிறிய பிரிவு தொடங்கப்பட்டது. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. தொழிலகத்துக்குள்ளேயே பயிற்சி என்று பொருள் கொள்ளலாம். அதை நடத்தியவர்கள் நான்கு பேர். சானிங் டூலி எண்ணெய் நிறுவனமான சோகோனி-வேக்யூமிலிருந்து வந்தார். வால்டர் டயட்ஸ் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்தவர். மைக்கேல் கேன் ஏ.டி. அண்ட் டி.யிலிருந்தும், வில்லியம் கோனோவர் யு.எஸ். ஸ்டீலிலிருந்தும் வந்தார்கள். கல்வித் துறையிலிருந்து எவரும் இல்லை. எல்லோரும் ஆலைகளில் ஆட்களைப் பழக்கிப் பழகியவர்கள். இந்தத் திட்டத்தின் பலமும் பலவீனமும் இங்கேயே தொடங்குகின்றன என்று தோன்றுகிறது. அவர்கள் பார்வை எப்போதும் அடுத்த வாரத்து உற்பத்தியில் இருந்தது. பயிற்சி பெற்றவரின் அடுத்த இருபது ஆண்டுகள் அவர்கள் கணக்கில் வரவில்லை.

அவர்கள் கையில் புதுச் சரக்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப்போரில் கப்பல் கட்டும் தளங்களுக்குத் திடீரென ஆள் தேவைப்பட்டபோது சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வியாளர் ஒரு முறையை வகுத்திருந்தார். தயார்படுத்துதல், எடுத்துக்காட்டுதல், செய்யவைத்தல், சோதித்தல் என்று அதற்கு நான்கு படிகள். 1919இல் அதை நூலாகவும் எழுதினார். அந்தப் போர் முடிந்ததும் நூல் அலமாரிக்குப் போய்விட்டது. இருபது ஆண்டு கழித்து தூசி தட்டி எடுத்தவர்கள் இவர்கள்.

லென்ஸ் பட்டறை

அலுவலகம் திறந்த சில வாரங்களிலேயே கடினமான ஒரு வேலை வந்து சேர்ந்தது. அரசின் ஆயுதச் சாலைகளுக்கும் கடற்படைத் தளங்களுக்கும் லென்ஸ் தேய்ப்பவர்கள் 350 பேர் உடனே வேண்டும். தொலைநோக்கி, பெரிஸ்கோப், குண்டு வீசும் குறிபார்ப்பான் என்று எல்லாவற்றுக்கும் லென்ஸ் தேவை. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலில் அப்படி யாரும் இல்லை. பழக்கி எடுக்க எவ்வளவு காலம் ஆகும் என்று தொழில் வட்டாரத்தில் கேட்டபோது வந்த பதில்: ஐந்து ஆண்டுகள்.

அந்தப் பதிலை யாரும் சோம்பலால் சொல்லிவிடவில்லை. லென்ஸ் பட்டறையின் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அது ஏன் என்று புரியும். கண்ணாடித் துண்டை வளைவான வார்ப்பிரும்புக் கருவியின் மேல் வைத்து, கரடான தேய்ப்புப் பொடியால் முதலில் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு குருந்தப் பொடியின் மணியை ஒவ்வொரு படியாக நுணுக்கிக்கொண்டே போக வேண்டும். முந்தைய படியின் கரட்டுப் பொடியில் ஒரே ஒரு மணி அடுத்த படிக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், கண்ணாடியில் கீறல் விழும். உழைப்பு முழுவதும் வீண். கடைசியில் கீல், அதாவது தார் போன்ற பிசின், பூசிய தளத்தில் இரும்பு ஆக்சைடுச் செம்பொடியைத் தண்ணீரில் குழைத்து மெருகேற்ற வேண்டும். கீல் குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். அறையின் வெப்பம் கொஞ்சம் மாறினால் மெருகும் மாறிவிடும்.

வளைவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே துல்லியமாகச் செய்து வைத்த சோதனைக் கண்ணாடியை லென்ஸின் மேல் பொருத்துவார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள காற்றுப் படலத்தில் ஒளியும் இருளும் மாறிமாறி வரும் வட்டங்கள் தெரியும். அவைதான் நியூட்டன் வளையங்கள். வளையங்கள் ஒழுங்கான வட்டமாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள வேறுபாடு ஒளியின் அலைநீளத்தில் பாதி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. எந்த அளவுகோலுக்கும் பிடிபடாத இந்தப் பிழையைக் கண்ணால் கண்டு கையால் திருத்துகிறவரை ஐந்தாண்டுக்காரர் என்று சொல்வதில் தவறில்லை.

கேன் செய்தது, அந்த மனிதர் நாள் முழுவதும் உண்மையில் என்னென்ன செய்கிறார் என்று வேலையைப் பிரித்துப் பார்த்தது. 'லென்ஸ் தேய்ப்பவர்' என்ற ஒரே பெயருக்குள் 20 தனித்தனி வேலைகள் இருந்தன. அவற்றில் 14 வேலைகளுக்கு அந்த உச்சத் திறன் தேவைப்படவில்லை. குறைந்த பழக்கமுள்ளவர்கள் கற்றுக்கொண்டு செய்துவிடலாம். லென்ஸ் பட்டறையை அறிந்தவருக்கு இது வியப்பாக இராது. துண்டுகளைக் கீல் வைத்து ஒட்டுவது, பெயர்ப்பது, கழுவுவது, ஓரம் சீவுவது என்று அங்கே மணிக்கணக்கை விழுங்கும் வேலைகள் ஏராளம். வளையம் பார்க்கத் தெரிந்த அரிய கண், இவற்றிலேயே பாதி நாளைக் கழித்துவிடும்.

ஆக, முதல் திருத்தம் பயிற்சியில் நடக்கவில்லை, வேலைப் பங்கீட்டில் நடந்தது. மீதமிருந்த ஆறு கடினமான வேலைகளை, அவற்றிலேயே கவனம் குவித்து, ஒழுங்கான முறையில் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்தாண்டு என்று சொல்லப்பட்டது சில மாதங்களாகச் சுருங்கியது.

இதைப் படிக்கும்போது எனக்கு எழும் சந்தேகம் ஒன்று. அந்த ஐந்தாண்டில் எவ்வளவு பகுதி கற்றல், எவ்வளவு பகுதி வெறும் காத்திருப்பு? பழைய பட்டறைகளில் புதியவன் முதலாண்டு துடைப்பத்தோடும் தேநீரோடும் கழிப்பான். 'கண் பார்த்தால் கை செய்யும்' என்று மூத்தவர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். தொழில் ரகசியம் தன்னிடம் இருக்கும்வரைதான் தனக்கு மதிப்பு என்ற கணக்கும் அதில் உண்டு. வேலையின்மை நிறைந்த பத்தாண்டைக் கடந்துவந்த ஒருவர் அப்படிக் கணக்குப் போட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் இடத்துக்குத் தானே போட்டியாளனைத் தயார் செய் என்று அவரிடம் கேட்கிறார்கள் அல்லவா?

விளக்குக் கம்பியில் ஒரு முடிச்சு

லென்ஸ் அனுபவத்திலிருந்து 1941இல் உருவானதுதான் 'ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பயிற்சி. அது தொழிலாளிக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஃபோர்மேன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்குமானது. வேலை தெரிந்தவருக்கு, வேலையைக் கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொடுப்பது. பத்துப் பேர் கொண்ட குழு, இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் பத்து மணி நேரம். அவ்வளவுதான்.

முதல் அமர்வில் ஒரு செய்முறை உண்டு. அதற்குப் பயன்பட்டது மின்விளக்குக் கம்பியில் போடும் ஒரு முடிச்சு. இரண்டு இழைகள் முறுக்கிய கம்பியை விளக்கின் உறைக்குள் செலுத்திய பிறகு, நுனிகளை இப்படி முடிந்துவிட்டால், யாராவது கம்பியை இழுத்தாலும் இழுவிசை முடிச்சில் நின்றுவிடும், திருகில் மாட்டிய இணைப்பு பிடுங்கிக்கொள்ளாது. பார்க்க எளிது. பயிற்சியாளர் குழுவில் ஒருவரை அழைத்து, கம்பியைக் காட்டாமல் வாயால் மட்டும் விளக்குவார்: வலது இழையை முன்பக்கமாக வளைக்கவும், இடது இழையை அதன் அடியில் கொண்டுபோகவும், இப்படியே கடைசி வரை. பிறகு கம்பியைக் கையில் கொடுத்து முடியச் சொல்வார். முடியாது. இன்னொருவரை அழைத்து, ஒரு சொல்லும் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவருக்கும் முடியாது. அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் ஆட்களை நிர்வகித்தவர்கள். தாங்கள் நேற்றுவரை புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த இரண்டு முறைகளில் ஒன்றால்தான் என்பது அவர்களுக்கு அந்த இடத்திலேயே புரியும்.

மூன்றாவது முறை நான்கு படிகளில் நடக்கும். முதலில் கற்பவரின் தயக்கத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிந்து, சரியான இடத்தில் நிற்கவைக்க வேண்டும். இந்தச் சரியான இடம் என்பதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். எதிரே நிற்பவருக்கு வலது இடதாகத் தெரியும். முடிச்சு தலைகீழாகப் பதியும். பக்கத்தில், தன் கையின் திசையிலேயே பார்க்கும்படி நிற்க வேண்டும். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு கட்டமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். மூன்றாவது, அவரையே செய்யவிட வேண்டும். செய்துகொண்டே, ஒவ்வொரு கட்டத்திலும் எது முக்கியம் என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். நான்காவது, தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டு, அடிக்கடி வந்து பார்த்து, வருகையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இந்த நான்கு படிகளைவிட எனக்கு மதிப்பாகத் தெரிவது, கற்பிக்கும் முன் ஃபோர்மேன் எழுத வேண்டிய ஒரு பக்கத் தாள். இடப்பக்கம் வேலையின் கட்டங்கள். வலப்பக்கம் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய முக்கியக் குறிப்பு. எதைத் தவறினால் வேலை கெடுமோ, எதில் அடிபடுமோ, எந்தச் சின்ன உத்தி வேலையை எளிதாக்குமோ, அவை மட்டும் வலப்பக்கத்தில் இடம்பெறும். முடிச்சை எடுத்துக்கொண்டால், 'முறுக்கைப் பிரி' என்பது கட்டம், 'ஆறு அங்குலம்' என்பது குறிப்பு. 'இறுக்கு' என்பது கட்டம், 'நுனிகள் சமமாக இருக்கட்டும்' என்பது குறிப்பு. இருபது ஆண்டு அனுபவசாலியிடம் இந்தத் தாளை நீட்டினால் அவர் முதலில் திணறுவார். அவருடைய அறிவு கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதை வெளியே எடுத்து வலப்பக்கத்தில் எழுதவைப்பதுதான் பத்து மணி நேரத்தின் பெரும்பகுதி. நல்ல தொழிலாளி எல்லோரும் நல்ல ஆசான் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை கொடுக்கப்பட்டது. அதிலிருந்த ஒரு வரி பின்னாளில் பெயர் பெற்றது: கற்பவர் கற்றுக்கொள்ளவில்லை என்றால், கற்பிப்பவர் கற்பிக்கவில்லை. நியாயமான வரியாகத் தெரிந்தாலும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கற்கவே விருப்பமில்லாதவரும், அந்த வேலைக்குக் கண்ணோ கையோ ஒத்துவராதவரும் உண்டு. ஆனால் மந்தக் காலம் முழுவதும் 'ஆள் சரியில்லை' என்று சொல்லியே பழகிய ஃபோர்மேன்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தால்தான் நிமிரும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

எண்கள், அவற்றின் எல்லை

டி.டபிள்யூ.ஐ. பரவிய வேகத்துக்குக் காரணம் சங்கிலி. அலுவலகம் சிலரைப் பயிற்றுவிக்கும், அவர்கள் ஆலைகளில் பயிற்சியாளர்களைப் பயிற்றுவிப்பார்கள், அவர்கள் சூப்பர்வைசர்களை, சூப்பர்வைசர்கள் தொழிலாளர்களை. 1945இல் திட்டம் மூடப்பட்டபோது 16,511 ஆலைகளில் 17,50,650 சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு உரியவை. மீதி, ஆட்களோடு பழகுதல், வேலைமுறையைத் திருத்துதல் என்று பின்னர் வந்த பயிற்சிகளுக்கு.

பலன் என்ன? ஏறத்தாழ 600 ஆலைகளிடமிருந்து அலுவலகம் கணக்குக் கேட்டது. உற்பத்தி 25 சதவீதமோ அதற்கு மேலோ கூடியதாக 86 சதவீத ஆலைகள் தெரிவித்தன. பயிற்சிக் காலம் அதே அளவு குறைந்ததாக நூற்றுக்கு நூறு ஆலைகளும் சொல்லின. கழிவு அந்த அளவு குறைந்ததாகச் சொன்னவை 55 சதவீதம் மட்டுமே. தானே நடத்திய திட்டத்துக்குத் தானே திரட்டிய மதிப்பெண் என்பதை மறக்கக்கூடாது. நூற்றுக்கு நூறு என்ற எண்ணை நான் நம்பத் தயங்குவேன். 55ஐ நம்புவேன். கழிவுத் தொட்டியில் கிடப்பதை எடை போட்டுவிடலாம். தவிர, கழிவு என்பது பயிற்சியால் மட்டும் தீராத ஒன்று. மூலப்பொருளும் இயந்திரமும் வடிவமைப்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. இதற்குப் பெரிய சாட்சி கப்பல் தளங்களிலிருந்து கிடைக்கிறது.

வெல்டர்களும் விரிசலும்

ஹென்றி கைசர் அணைகளும் சாலைகளும் கட்டிய ஒப்பந்தக்காரர். கப்பல் தொழிலுக்கு அவரே புதியவர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ரிச்மண்ட் நகரில் அவர் அமைத்த நான்கு தளங்கள் போர் முடிவதற்குள் 747 கப்பல்களைக் கட்டின. வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கப்பலை அதற்கு முன் தொட்டதில்லை. தென் மாநில விவசாயிகள், கடைச் சிப்பந்திகள், இல்லத்தரசிகள்.

இங்கும் லென்ஸ் பட்டறையின் தர்க்கமே வேலை செய்தது, இன்னும் பெரிய அளவில். பழைய முறையில் தகடுகளை ரிவெட் என்ற உலோக ஆணிகளால் அடித்து இணைத்துக் கப்பல் கட்டப்பட்டது. அது நீண்ட பழக்கம் வேண்டும் தொழில். அதன் இடத்தில் வெல்டிங் வந்தது. வெல்டிங்கிலும் தலைக்கு மேலே கையை உயர்த்திச் செய்வது கடினம், உருகிய உலோகம் கீழே சொட்டும். கீழே கிடத்தி வைத்த தகட்டின் மேல் குனிந்து செய்வது மிக எளிது, புதியவருக்கும் சீக்கிரம் வசப்படும். ஆகவே கப்பலின் பகுதிகளைத் தரையிலேயே தனித்தனியாகக் கட்டினார்கள். வெல்டர் அண்ணாந்து பார்ப்பதற்குப் பதில் கிரேன் அந்தப் பகுதியையே புரட்டிப்போட்டது. கடினமான நிலையில் வெல்டு செய்யப் பல மாதம் பழக்குவதைவிட, அந்த நிலையே வராமல் வேலையை மாற்றிவிட்டார்கள். போருக்காக ஒரே வடிவில் ஏராளமாகக் கட்டப்பட்ட சரக்குக் கப்பல்கள் லிபர்ட்டி கப்பல்கள். அவற்றில் முதலாவதான பேட்ரிக் ஹென்றி 1941 செப்டம்பரில் பால்டிமோரில் நீரில் இறங்கியபோது, அடிக்கட்டை வைத்ததிலிருந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. 1942 நவம்பரில் ரிச்மண்டில் ராபர்ட் பியரி என்ற கப்பல் ஐந்து நாளுக்குள் நீரில் இறங்கியது. பிந்தையது விளம்பரத்துக்காக முன்கூட்டி எல்லாவற்றையும் தயார் செய்து நிகழ்த்திய காட்சி, வழக்கமான வேகம் அன்று. இருந்தாலும் அந்த வழியில் என்ன முடியும் என்பதைக் காட்டியது.

பிறகு விரிசல் வந்தது. 1943 ஜனவரி 16 அன்று ஆரகனில் போர்ட்லண்ட் நகரத் தளத்தில், புத்தம்புதிய எண்ணெய்க் கப்பலான ஸ்கெனெக்டடி, சோதனை ஓட்டம் முடிந்து அமைதியான நீரில் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை. பெருஞ்சத்தத்தோடு நடுவில் பிளந்தது. வேறு கப்பல்களிலும் விரிசல்கள் தென்பட்டன. உடனே விரல் நீண்டது வெல்டர்கள் பக்கம். அவசரமாகப் பழக்கிய கத்துக்குட்டிகள், வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்ற பேச்சு.

ஆய்வுகள் வேறு கதை சொல்லின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர், அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளைவதற்குப் பதில் நொறுங்கும் தன்மை கொள்கிறது என்று காட்டினார். கப்பலின் மேல்தட்டில் சரக்கு இறக்கும் திறப்புகள் சதுரமாக வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கூர்மூலைகளில் அழுத்தம் குவிந்து விரிசல் பிறந்தது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டு செய்த கப்பல் முழுவதும் ஒரே உலோகத் தொடர்ச்சி, விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். வெல்டில் குறைகள் இருந்ததும் உண்மை, சில விரிசல்கள் அங்கிருந்து தொடங்கியதும் உண்மை. ஆனால் தேர்ந்த வெல்டர்களே அத்தனை கப்பலையும் கட்டியிருந்தாலும் அந்த எஃகும் அந்தச் சதுர மூலையும் மாறியிருக்காது. திறப்பு மூலைகளை வட்டமாக்கி, விரிசலை நிறுத்தும் ரிவெட் பட்டைகளைச் சேர்த்த பிறகு சிக்கல் பெரிதும் தணிந்தது.

வேறு துறையிலிருந்து ஆலைக்குள் நுழைகிறவர்கள் இந்தப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எங்கே கோளாறு நடந்தாலும் முதல் சந்தேகம் புதியவர் மேல்தான் விழும். அதனால்தான், தான் செய்ததைக் குறித்து வைக்கும் பழக்கத்தைப் பயிற்சியின் பகுதியாகவே கருத வேண்டும் என்பேன். எந்த அமைப்பில் இயந்திரத்தை ஓட்டினோம், எந்தத் தொகுதிப் பொருளைப் பயன்படுத்தினோம் என்று அன்றன்றே எழுதியிருந்தால், விரல் நீளும்போது காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

யாருக்குத் திறந்தது கதவு

பயிற்சி இருந்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது என்பதற்கும் இந்தக் காலம் சான்று. கறுப்பினத்தவரைப் பல பயிற்சி வகுப்புகள் சேர்க்கவில்லை. பயிற்சி முடித்தவர்களையும் ஆலைகள் எடுக்கவில்லை. வேலை தராத ஆலைக்கு எதற்குப் பயிற்சி என்று பயிற்சியாளரும், பயிற்சி இல்லாதவருக்கு எப்படி வேலை என்று ஆலையும் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப் போவதாக அறிவித்த பிறகே, 1941 ஜூன் 25 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 8802 எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். பாதுகாப்பு உற்பத்தி ஆலைகளில் மட்டுமல்லாமல், அவற்றுக்கான தொழிற்பயிற்சித் திட்டங்களிலும் பாகுபாடு கூடாது என்று அது சொன்னது. பயிற்சியையும் வேலையையும் ஒரே ஆணையில் கட்டிப்போட்டதுதான் அதன் கூர்மை.

ஆணைக்குப் பிறகும் சங்கங்கள் பக்கக் கதவு வைத்திருந்தன. கப்பல் தளங்களில் கொதிகலன் தொழிலாளர் சங்கம் கறுப்பினத்தவரை அதிகாரமற்ற துணைக் கிளைகளில் தள்ளியது. சந்தா உண்டு, வாக்கு இல்லை. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1944இல், மரின்ஷிப் என்ற கப்பல் தளம் தொடர்பான வழக்கில், ஆலை முழுவதையும் கையில் வைத்துக்கொண்ட சங்கம் ஒருவரைச் சம உறுப்பினராக ஏற்கவும் மறுத்து, உறுப்பினரில்லை என்று வேலையையும் பறிக்க முடியாது என்று தீர்த்தது. அதற்குள் போர் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

ஒரு வேலையா, ஒரு தொழிலா

லென்ஸ் பட்டறையின் வெற்றிக்குள் ஒரு விலை மறைந்திருக்கிறது. இருபதில் ஒன்றை மட்டும் கற்றவர் லென்ஸ் தேய்ப்பவர் ஆகிவிட மாட்டார். கீழே கிடத்திய தகட்டில் மட்டும் வெல்டு செய்யக் கற்றவர், அந்தத் தளம் மூடப்பட்டால் வேறெங்கும் முழு வெல்டராகப் போக முடியாது. 1937இல் அமெரிக்கா அப்ரண்டிஸ் முறையைச் சட்டமாக்கியிருந்தது. பல ஆண்டுப் பயிற்சிக்குள் ஒரு தொழிலின் எல்லாக் கிளைகளையும் கற்பிப்பது அதன் நோக்கம். போர்க்காலப் பயிற்சி தங்கள் தொழிலை நீர்த்துப்போகச் செய்யும் என்று கைத்தொழில் சங்கங்கள் அஞ்சியதில் பொருள் இருந்தது. போர் முடிந்ததும் ஆணைகள் நின்றன, தளங்கள் சுருங்கின. பெண்களில் பெரும்பாலோர் வந்த வேகத்திலேயே வெளியே அனுப்பப்பட்டார்கள். படைவீரர்கள் திரும்பி வந்தது ஒரு காரணம். பிரித்துக் கொடுத்த ஒரு துண்டு வேலையைத் தவிர வேறொன்றும் கற்றுத்தராததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

சுருக்கமான பயிற்சி மோசம், நீண்ட பயிற்சி நல்லது என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாண்டு காத்திருக்க வசதியில்லாத முப்பது வயதுக்காரருக்குச் சில வாரப் பயிற்சியும் உடனடிச் சம்பளமும்தான் வாசல். குறை, வாசலுக்குப் பின்னால் படிக்கட்டு கட்டப்படாததில் இருந்தது.

அந்தப் படிக்கட்டு வேறோர் இடத்தில் கட்டப்பட்டது. அமெரிக்கா மூடிவைத்த டி.டபிள்யூ.ஐ., போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் அங்கே போனது. லோவெல் மெல்லன் என்பவர் தலைமையிலான குழு 1951இல் அங்கே பயிற்சியாளர்களைப் பழக்கியது. டொயோட்டா அதே ஆண்டில் அதை எடுத்துக்கொண்டது. அங்கே இயந்திரப் பட்டறையை நடத்திய டாயிச்சி ஓனோ ஏற்கெனவே வேறொரு சோதனையில் இருந்தார். ஒரு ஆள் ஒரு இயந்திரம் என்ற வழக்கத்தை மாற்றி, ஒருவரே வெவ்வேறு வகையான இரண்டு, மூன்று இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும்படி அவற்றை வரிசை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒவ்வொருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை கற்றாக வேண்டும். அமெரிக்கர்கள் ஆளை ஒரு வேலையில் சீக்கிரம் நிறுத்தப் பயன்படுத்திய நான்கு படிகள், இங்கே அதே ஆளை அடுத்த வேலைக்கும் அதற்கடுத்த வேலைக்கும் கொண்டுபோகப் பயன்பட்டன.

இதற்கான கருவி அமெரிக்கர்களின் மூலப் பயிற்சியிலேயே இருந்தது. ஃபோர்மேன் கற்பிக்கத் தொடங்கும் முன் போட வேண்டிய முதல் தாள் அது: பயிற்சி அட்டவணை. ஒரு பக்கம் வேலைகளின் பெயர்கள், மறுபக்கம் ஆட்களின் பெயர்கள். ஒருவருக்கு ஒரு வேலை தெரியுமானால் அந்தக் கட்டத்தில் ஒரு குறி. தெரியாது, ஆனால் கற்க வேண்டும் என்றால், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். போர்க்கால ஆலையில் புதியவரின் பெயருக்கு நேரே ஒரு குறியும் நிறைய வெற்றுக் கட்டங்களும் இருந்திருக்கும். தொழிற்பயிற்சி முடித்து ஆலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர், சம்பளத்தையும் ஷிப்டையும் கேட்டபின், இப்படி ஓர் அட்டவணை சுவரில் இருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால், ஆறு மாதம் முன்பு சேர்ந்தவரின் பெயருக்கு நேரே எத்தனை கட்டங்களில் தேதி எழுதியிருக்கிறது என்றும், அந்தத் தேதிகளில் எத்தனை கடந்துபோய்விட்டன என்றும் பார்த்துவிட்டு வரலாம்.